புது ஏடிவியின் ரன்னிங்-இன்: எஞ்சினுக்கு நல்ல மார்க், டெலிவரி கொடுத்தவருக்கு ஃபெயில்

புது ஏடிவி, அதாவது ஹேண்டில்பாரும் நான்கு தடித்த டயரும் வைத்துக் கரடுமுரடான தடத்தில் ஓட்டுகிற வண்டி, வாங்கியவர்கள் எழுதுவதெல்லாம் பிக்கப் எப்படி, சஸ்பென்ஷன் எப்படி, சேற்றில் இறக்கினால் ஏறி வருகிறதா என்றுதான் இருக்கும். நான் அதற்கு முந்தைய கட்டத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், அதாவது வண்டி கைக்கு வந்ததிலிருந்து முதல் சர்வீஸ் முடிகிற வரை. முழு வேகம் போகாதே, பாரம் ஏற்றாதே, எதையும் கட்டி இழுக்காதே என்று ஏகப்பட்ட கட்டுப்பாட்டோடு புது வண்டியை ஓட்டிப் பழக்குகிற காலம் இது, ரன்னிங்-இன் என்பது இதைத்தான். ஆனால் வண்டியின் தரம், மேனுவல் எழுதியவரின் தரம், விற்றவரின் தரம் மூன்றின் சாயமும் வெளுப்பது இந்தக் காலத்தில்தான்.

வண்டி 500 சிசி ரகம். ஒற்றை சிலிண்டர், லிக்விட் கூலிங், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், பெல்ட்டில் ஓடும் சிவிடி (கியர் படிகளுக்குப் பதில் இரண்டு புல்லியும் ஒரு பெல்ட்டும் விகிதத்தைத் தானாக மாற்றும் அமைப்பு), தேவைப்படும்போது நான்கு சக்கரத்துக்கும் பவர். கம்பெனி பெயர் சொல்லவில்லை, ஏனென்றால் நான் குறை சொல்லப் போவது பெரும்பாலும் விற்ற இடத்தின் மேல். அதுவும் போக, வேலைக்கும் பொழுதுபோக்குக்கும் சேர்த்து விற்கிற ஏடிவிகள் பெரும்பாலும் இந்த அமைப்புதான், ஆகவே வேறு கம்பெனி வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில் மேனுவல். ரன்னிங்-இன் விஷயத்தில் இந்த மேனுவல் சுருக்கமாகவும் தெளிவாகவும் இருக்கிறது: முதல் 10 மணி நேரம் பாதி த்ராட்டிலுக்கு (கட்டைவிரலால் அழுத்துகிற ஆக்சிலரேட்டர்) மேல் தொடர்ந்து ஓட்டாதே, அடுத்த 10 மணி நேரம் முக்காலுக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதே, ஒரே வேகத்தில் ஓட்டிக்கொண்டே இருக்காதே, ஒவ்வொரு மணி நேர ஓட்டத்துக்கும் நடுவே ஐந்து பத்து நிமிடம் எஞ்சினை ஆறவிடு. யமஹா பல வருடங்களாகத் தன் ஏடிவி மேனுவல்களில் சொல்லிவருவதும் இதே ரகம்தான். இன்னொரு ஏடிவி பிராண்டான கேன்-ஆம் 10 மணி நேரம் அல்லது 300 கிலோமீட்டர் என்று சொல்கிறது. பொலாரிஸ் கம்பெனி தன் புதிய மாடல்களுக்கு 25 மணி நேரம் அல்லது 14 கேலன், அதாவது சுமார் 53 லிட்டர் பெட்ரோல் எரிகிற வரை என்று வைத்திருக்கிறது. எனக்குப் பிடித்த கணக்கு அந்தப் பெட்ரோல் கணக்குதான். மணி மீட்டர் இருக்கிறதே, எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டு நின்றாலும் அது பாட்டுக்கு ஏறும். கிலோமீட்டரோ, கல்லும் மேடுமான தடத்தில் ஊர்ந்து போனால் ஏறவே ஏறாது. எஞ்சின் எவ்வளவு வேலை செய்தது என்பதற்கு எரிந்த பெட்ரோலை விட நேர்மையான சாட்சி கிடையாது. ஆகவே உங்கள் மேனுவலில் மணிக்கணக்கு மட்டும் இருந்தாலும், டேங்க் எத்தனை முறை காலியானது என்பதையும் ஓரமாகக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் 20 மணி காட்டுகிறது, ஆனால் முதல் டேங்கே இன்னும் தீரவில்லை என்றால் எஞ்சின் பெயருக்குத்தான் ஓடியிருக்கிறது.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? புது சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்காது. ஹோனிங் செய்து, குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் போட்டுத்தான் கம்பெனியிலிருந்து வரும். அந்தக் கோடுகளின் பள்ளத்தில் ஆயில் தங்கும், மேடுகளில் பிஸ்டன் ரிங், அதாவது பிஸ்டனைச் சுற்றி மாட்டியிருக்கும் வளையம், உரசும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அரத்தின் முகம் மாதிரி இருக்கும். ரிங் அந்த மேடுகளின் நுனியைத் தேய்த்துத் தட்டையாக்கி, தானும் கொஞ்சம் தேய்ந்து, சிலிண்டரோடு சுற்றிலும் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொள்ள வேண்டும். ரிங் செட் ஆகிறது என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். இதில் பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த ஸ்பிரிங் விசை மட்டும் இல்லை. பெட்ரோல் எரிந்து உண்டாகும் அழுத்தம் மேல் ரிங்கின் பின்பக்கம் இறங்கி அதை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. எஞ்சினுக்கு லோடு கொடுத்தால் அழுத்தம் கூடும், ரிங் நன்றாக உரசும். லோடே இல்லாமல் வருடிக்கொடுத்தபடி ஓட்டினால் ரிங் ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டு போகும், மேடுகள் தேயாது, நாளடைவில் அந்த ஆயில் சூட்டில் வெந்து கோடுகளின் மேல் அரக்கு மாதிரி படிந்துவிடும். அதற்கு கிளேசிங் என்று பெயர். அப்படி ஆகிவிட்டால் வண்டி ஆயில் குடிக்க ஆரம்பிக்கும், கம்ப்ரஷன் குறையும், சிலிண்டரைக் கழற்றி மறுபடி ஹோனிங் போட்டுப் புது ரிங் மாட்டுவது ஒன்றுதான் வழி.

இங்கேதான் ஊரில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, வாங்கிய நாளிலிருந்தே முரட்டுத்தனமாக மிதித்து ஓட்டு, அப்போதுதான் ரிங் உட்காரும் என்கிறது. எனக்கு டெலிவரி கொடுத்த ஆளும் இந்தக் கட்சிதான், "அதெல்லாம் அந்தக் காலத்து வண்டிக்குங்க, இப்போ வர்றதுக்கு ரன்னிங்-இன்னே தேவையில்ல, நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க" என்று மேனுவலைப் பிரிக்காமலே கையில் கொடுத்துவிட்டார். இன்னொரு கட்சி, முதல் இருபது மணி நேரமும் வண்டியைத் தொட்டும் தொடாமலும் ஓட்டச் சொல்கிறது. இரண்டும் பாதி உண்மை. இப்போதைய சிலிண்டர்கள் முன்பைவிட நேர்த்தியாக முடிக்கப்படுகின்றன, மேடுகளின் நுனியைத் தொழிற்சாலையிலேயே ஓரளவு தட்டையாக்கிவிடுகிறார்கள், பல எஞ்சின்களில் இரும்பு ஸ்லீவுக்குப் பதில் நிக்கல்-சிலிக்கன் கார்பைடு பூச்சு வந்துவிட்டது. ஆகவே ரிங் உட்காரும் நேரம் குறைந்திருப்பது வாஸ்தவம். ஆனால் ரன்னிங்-இன் என்பது ரிங் மட்டுமா? பிஸ்டன் ஸ்கர்ட், கேம், டைமிங் செயின், பேரிங், கியர்பாக்ஸில் பல்லோடு பல், முன்னாலும் பின்னாலும் சக்கரங்களுக்கு பவரைக் கொண்டுபோகிற கியர் பெட்டி (டிஃபரன்ஷியல் என்று பொதுவாகச் சொல்வது), பெல்ட், பிரேக் பேட் என்று உரசுகிற ஒவ்வொன்றும் புதுசு. ரிங்குக்கு நல்லது என்று ஃபுல் த்ராட்டிலில் வைத்து அழுத்தினால், இன்னும் டைட்டாக இருக்கிற மற்றவை சூடேறும். சூடேறினால் பிஸ்டன் விரியும், இடைவெளி குறையும், மோசமானால் சிலிண்டரில் கோடு விழும்.

இப்போது அந்தப் பாதி த்ராட்டில் விதியை மறுபடி பாருங்கள். த்ராட்டில் வால்வ் பாதி திறந்தால் பாதி சக்திதான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். குறைந்த ஆர்பிஎம்மில் எஞ்சினுக்குத் தேவைப்படும் காற்று கம்மி, பாதி திறப்பே அதற்குப் போதுமான அளவு காற்றைக் கொடுத்துவிடும், ஆக அந்த ஆர்பிஎம்மில் கிடைக்கக்கூடிய இழுவையில் பெரும்பங்கு பாதி த்ராட்டிலிலேயே கிடைத்துவிடுகிறது. அதாவது மேனுவல் விதிக்குள் இருந்தபடியே ரிங்குக்கு வேண்டிய அழுத்தத்தையும் கொடுக்கலாம். சிறு ஏற்றத்தில் நிதானமாகத் தொடங்கி, பாதி வரை அழுத்தி, வண்டி இழுத்துக்கொண்டு ஏறியதும் விட்டுவிட்டால் இரண்டு கட்சிக்காரர்களும் திருப்தி. "தொடர்ந்து ஓட்டாதே" என்றுதான் மேனுவலும் சொல்கிறது, சில நொடிகள் அழுத்தி விடுவதை அது தடுக்கவில்லை.

சிவிடி வண்டியில் இன்னொரு சிக்கல் உண்டு, எந்த மேனுவலும் இதை விளக்கமாகச் சொல்லி நான் பார்த்ததில்லை. கியர் வைத்த மோட்டார் சைக்கிளில் வேகத்தை மாற்றினால் ஆர்பிஎம்மும் மாறும். சிவிடியில் அப்படி இல்லை. கட்டைவிரலை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டிருந்தால் எஞ்சின் கிட்டத்தட்ட ஒரே ஆர்பிஎம்மில் நிற்கும், புல்லி விகிதம் மட்டும் மாறி மாறி வண்டியின் வேகம் கூடிக்கொண்டே போகும். ஸ்பீடோமீட்டரைப் பார்த்து வேகத்தை மாற்றி மாற்றித்தானே ஓட்டுகிறோம் என்று நாம் நிம்மதியாக இருப்போம், எஞ்சின் அரை மணி நேரமாக ஒரே சுதியில் பாடிக்கொண்டிருக்கும். ஆகவே பார்க்க வேண்டியது ஆர்பிஎம் முள்ளை, அது இல்லாத வண்டியில் காதை நம்ப வேண்டும். அடிக்கடி அழுத்தி விடுங்கள், அவ்வப்போது லோ ரேஞ்சுக்கு (ஹை, லோ என்ற இரண்டில் வேகம் குறைந்து இழுவை கூடுகிற நிலை) மாற்றிக் கொஞ்ச தூரம் போங்கள். லோவில் அதே நடை வேகத்துக்கு எஞ்சின் இன்னும் சுறுசுறுப்பாகச் சுழலும், பெல்ட்டுக்கும் சுமை குறையும்.

த்ராட்டிலை விடுவதும் அழுத்துவது போலவே முக்கியம். இறக்கத்தில் லோவில் போட்டு விரலை எடுத்தால் வண்டி எஞ்சினைப் பிடித்துக்கொண்டு இறங்கும், அப்போது சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகி ரிங்கைச் சுற்றிக் கொஞ்சம் ஆயில் மேலே ஏறும், தேய்ந்து உதிர்ந்த துகளை அது கழுவிக்கொண்டு போகும். இந்த வண்டியில் எஞ்சின் பிரேக்கிங் நன்றாகவே இருக்கிறது, செங்குத்தான இறக்கத்தில்கூட பிரேக் லிவரை லேசாகத் தொட்டால் போதும். எல்லா சிவிடியிலும் இப்படிக் கிடைக்காது, சிலவற்றில் வேகம் ஓர் அளவுக்குக் கீழே வந்ததும் கிளட்ச் விட்டுவிடும், வண்டி நியூட்ரலில் உருள்வது போல உருளும். வாங்குமுன் ஓர் இறக்கத்தில் விட்டுப் பாருங்கள்.

ஓட்டி முடித்து ஆறவிடுவதைப் பலர் கேலி செய்கிறார்கள். லிக்விட் கூலிங் இருக்கும்போது எதற்கு என்கிறார்கள். கூலன்ட் சூட்டைச் சமாளிக்கும், உண்மைதான், ஆனால் புது கேஸ்கெட்டும் போல்ட்டும் ரப்பர் ஹோஸும் சூடாகி ஆறிச் சூடாகித்தான் தன் இடத்தில் உட்காரும். கூலிங் சிஸ்டத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் காற்றுக் குமிழும் இந்தச் சுழற்சியில்தான் வெளியேறுகிறது. என் வண்டியில் முதல் சில ஓட்டத்துக்குள் ரிசர்வ் டப்பாவில் கூலன்ட் மட்டம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இறங்கி, மேலே ஊற்றியதும் அதற்கப்புறம் நகரவே இல்லை. ஒழுகல் எதுவும் இல்லை, உள்ளே இருந்த காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். மட்டம் மறுபடி மறுபடி இறங்கினால்தான் கவலைப்பட வேண்டும்.

முதல் நாள் ஓட்டத்தில் சைலன்சர் பக்கமிருந்து புகையும் நெடியும் வரும். புதுப் பெயின்ட்டும் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயும் எரிகிற வாடை அது, தானாக நின்றுவிடும். பெல்ட் உறையிலிருந்து வரும் ரப்பர் வாடை வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், இரண்டாவது வந்தால் வண்டியை உடனே நிறுத்துங்கள்.

பெல்ட்டைப் பற்றி இந்த மேனுவலில் இருப்பது ஒரே ஒரு வரி. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது, ஏனென்றால் புது வண்டியில் எஞ்சின் கெடுவதை விட பெல்ட் கெடுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். கேன்-ஆம் புது பெல்ட்டுக்கு 50 கிலோமீட்டர் தனியாக ஒதுக்குகிறது, அந்த விஷயத்தில் அவர்களைப் பாராட்ட வேண்டும். புது பெல்ட்டின் பக்கவாட்டு முகம் இன்னும் புல்லியின் முகத்தோடு பழகியிருக்காது. பட வேண்டிய பரப்பு முழுக்கப் படாமல், பட்ட இடம் மட்டும் எல்லாப் பாரத்தையும் தாங்கும். அந்த நிலையில் சேற்றில் சக்கரம் சிக்கி, ஹை ரேஞ்சில் வைத்தபடி முழுக்க அழுத்தினால், சக்கரம் நகராது, பெல்ட் நிற்கும், முன் புல்லி அதே இடத்தில் அதைத் தேய்த்துக்கொண்டே சுற்றும். சில நொடியில் பெல்ட்டில் ஒரு பள்ளம் விழுந்துவிடும். அதற்கப்புறம் கிளம்பும்போதெல்லாம் டக் டக் என்று ஓர் உதறல், மாற்றுகிற வரை போகாது. ஆகவே சிக்கினால் லோ, ஏற்றத்தில் நிறுத்திக் கிளம்பினால் லோ, பின்னால் ஏதாவது கட்டியிருந்தால் லோ, நடை வேகத்தில் நெடுநேரம் ஊர்ந்தாலும் லோ. ரன்னிங்-இன் முடிந்த பிறகும் இதே விதிதான், புதிதாக இருக்கும்போது தண்டனை சீக்கிரம் கிடைக்கிறது என்பது மட்டுமே வித்தியாசம். பெல்ட்டை எப்போது மாற்றினாலும் அதற்கு மட்டும் தனியாக இந்தப் பழக்கத்தை மறுபடி செய்தாக வேண்டும், எஞ்சின் எத்தனை வருடம் ஓடியதாக இருந்தாலும் சரி.

இனி டெலிவரி விஷயத்துக்கு வருகிறேன், இதைத்தான் நீட்டி எழுத வேண்டும் என்று இருந்தேன். ஏடிவி தொழிற்சாலையிலிருந்து முழு வண்டியாக வருவதில்லை. இரும்புச் சட்டத்துக்குள் அடக்கி, சக்கரத்தையும் ஹேண்டில்பாரையும் கழற்றி அனுப்புவார்கள். விற்பவர்தான் பிரித்துப் பூட்டி, பேட்டரியை முழுக்கச் சார்ஜ் ஏற்றி, ஒவ்வொரு நட்டையும் டார்க் ரெஞ்ச்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) பார்த்து, திரவங்கள் எல்லாம் மட்டத்தில் இருக்கிறதா என்று சோதித்துக் கொடுக்க வேண்டும். எனக்குக் கொடுத்த பேப்பரில் அத்தனை கட்டத்திலும் டிக் போட்டிருந்தது, ஒரே பேனா, ஒரே வேகம். வண்டியோ முதல் ஓட்டத்திலேயே குதித்துக் குதித்துப் போனது, ஹேண்டில் ஒரு சின்னக் கல் பட்டாலும் கையை உதறியது. சஸ்பென்ஷன் இவ்வளவு மோசமா என்று நினைக்க வைத்துவிட்டார்கள், காரணம் டயரில் இருந்தது. இந்த வண்டிக்கு டயரில் இருக்க வேண்டியது 5 பிஎஸ்ஐ. இருந்ததோ 20-க்கு மேல்! அவ்வளவு காற்றோடுதான் டயர் வந்திருக்க வேண்டும், இறக்க வேண்டியவர் இறக்கவில்லை. அளவுக்கு மேல் காற்று அடைத்த டயர் நடுப்பகுதி மட்டும் தரையில் பட்டு உருண்டது. சரியான அளவுக்கு இறக்கியதும் இதே சஸ்பென்ஷன் வேறு வண்டியோ என்று கேட்க வைத்தது. காருக்கு வைத்திருக்கும் காற்றுமானி இதற்கு உதவாது, அதன் முள் இந்த அளவுக்கு வருமுன்பே கீழே படுத்துவிடும். ஏடிவிக்கென்று சிறு அளவு காட்டும் மானி தனியாக விற்கிறது, வண்டி எடுக்கப் போகும்போதே கையில் கொண்டு போங்கள். நாலு டயரும் ஒரே அளவில் இருப்பதும் முக்கியம், இடது வலது வித்தியாசப்பட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

சக்கர நட்டும் அப்படியே. முதல் ஓட்டத்துக்குப் பிறகு ரெஞ்ச் வைத்துப் பார்த்தபோது பின் சக்கரம் ஒன்றில் இரண்டு நட் கால் சுற்று ஏறியது. புதுசு என்பதால் ரிம்மின் பெயின்ட் நசுங்கிக் கொஞ்சம் தளர்வது எந்த வண்டியிலும் நடக்கிறதுதான், ஆகவே இதை முழுக்க அவர்கள் தலையில் போட மாட்டேன், ஆனால் "ஓட்டிவிட்டு ஒரு தடவை டைட் பண்ணிப் பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு? ஏர் ஃபில்டர் மூடியையும் திறந்து பாருங்கள். ஃபில்டர் தன் இடத்தில் நேராக உட்காராமல் விளிம்பில் இடைவெளி விட்டிருந்தால், நீங்கள் எவ்வளவு பக்குவமாக ரன்னிங்-இன் செய்தாலும் பிரயோஜனம் இல்லை, உள்ளே போகும் தூசியே சிலிண்டரையும் ரிங்கையும் தின்றுவிடும். எனக்கு அது சரியாக இருந்தது, கம்பெனி பூட்டியது என்பதால் இருக்கலாம்.

பிரேக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழகும் வரை பிடிப்பு மந்தமாகத்தான் இருக்கும், மிதமான வேகத்திலிருந்து பல முறை நிதானமாகப் பிடித்து விட்டால் சரியாகிவிடும். அதுவரை முன்னால் போகிற வண்டியை ஒட்டி ஓட்டாதீர்கள்.

எல்லோரும் ஆர்வமாகக் கேட்பது முதல் ஆயிலைப் பற்றி. வடித்தபோது கறுப்பாக இல்லை, சாம்பல் கலந்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பொடிப் பொடியாக மினுமினுப்பு ஓடியது. விரலில் தேய்த்தால் தட்டுப்படாத அளவு மெல்லிய துகள், ரிங்கும் கியரும் தேய்ந்ததன் மிச்சம். டிரெய்ன் போல்ட் நுனியில் காந்தம் இருக்கிறது, அதில் களிம்பு மாதிரி ஒரு சாம்பல் பூச்சு ஒட்டியிருந்தது. துணியில் துடைத்தால் மையாக வரும் வரை பயமில்லை. நகக்கண்ணில் சிக்கும் அளவுக்குச் சில்லு இருந்தால் மட்டும் அதைப் பத்திரப்படுத்தி சர்வீஸில் காட்டுங்கள். இந்தத் துகளெல்லாம் ஆயிலில் மிதந்துகொண்டு பேரிங்குகளைச் சுற்றி வரக்கூடாது என்பதற்குத்தான் முதல் ஆயில் மாற்றத்தைப் பல கம்பெனிகள் சீக்கிரம் வைக்கின்றன. ஃபில்டரை மட்டும் பழசையே விட்டு ஆயிலை மட்டும் மாற்றுகிற சிக்கனம் வேண்டவே வேண்டாம். டிஃபரன்ஷியல் ஆயிலையும் கேட்டு மாற்றச் சொல்லுங்கள், எஞ்சின் ஆயிலில் இருந்ததை விட அதில் மினுமினுப்பு அதிகமாக இருந்தது, பாவம் அதற்கு ஃபில்டரும் கிடையாது.

எந்த ஆயில் என்பதில் எனக்கு ஒரே கருத்துதான்: மேனுவல் சொன்னது. சிந்தெட்டிக் ஊற்றினால் ரிங் உட்காராது என்று ஒரு நம்பிக்கை காலங்காலமாக ஓடுகிறது. பொலாரிஸ் மாதிரி கம்பெனிகளே சிந்தெட்டிக் ஆயிலைப் பரிந்துரைக்கும்போது அந்தப் பேச்சுக்குப் பெரிய அர்த்தமில்லை. கவனிக்க வேண்டியது வேறு. உங்கள் வண்டியின் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே ஊறுகிற ரகமாக இருந்தால், ஜாஸோ எம்ஏ (ஆயிலில் ஊறும் கிளட்சுக்கான ஜப்பானியத் தர அளவு) முத்திரை உள்ள மோட்டார் சைக்கிள் ஆயில்தான் ஊற்ற வேண்டும். ஹோண்டாவின் பல ஏடிவிகள் அப்படி, யமஹாவின் சிவிடி வண்டிகளிலும் ஈரமாக ஓடும் கிளட்ச் உண்டு. எரிபொருள் சிக்கனத்துக்கென்று உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

இந்த இடைக்காலத்தில் ஆயில் மட்டத்தை ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் பாருங்கள், அலுப்பாக இருந்தாலும் பாருங்கள். ரிங் உட்காரும் வரை கொஞ்சம் ஆயில் எரிவது சகஜம். எனக்குத் தொடக்கத்தில் மேல் கோட்டிலிருந்து மெல்ல இறங்கியது, பாதி ரன்னிங்-இன் கடந்த பிறகு அசையவில்லை, ரிங் உட்கார்ந்துவிட்டது என்பதற்கு வீட்டில் இருந்தபடி பார்க்கக் கிடைக்கிற நல்ல அடையாளம் இது. மட்டம் இறங்குவதற்குப் பதில் ஏறினால் அது வேறு கதை: குளிரில் கிளப்பி, சூடாகும் முன்பே அணைத்து, மறுபடி கிளப்பி என்று சின்னச் சின்ன ஓட்டமாக ஓட்டினால் எரியாத பெட்ரோல் ரிங்கைத் தாண்டி ஆயிலில் போய்ச் சேரும். ஆயில் அளக்கும் குச்சியை மோந்து பார்த்தாலே பெட்ரோல் வாடை தெரியும். அதற்கு மருந்து, கிளப்பினால் எஞ்சின் முழுக்கச் சூடாகும்வரையாவது ஓட்டுவது.

வண்டியைச் சூடு பண்ணுவதற்காகப் பத்து நிமிடம் நிறுத்தியே ஓடவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு அவ்வளவு தேவையில்லை. எஞ்சின் சத்தம் சீராகி, முதலில் கொஞ்சம் உயர்ந்திருந்த ஐடில் தானாக இறங்கியதும் கிளம்பலாம், முதல் கொஞ்ச தூரம் மென்மையாகப் போனால் போதும். நின்றபடி ஓடும் எஞ்சினில் ரிங்குக்கு அழுத்தம் கிடையாது, காற்றோட்டமும் கிடையாது.

தார் ரோட்டில் ரன்னிங்-இன் செய்யலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம். ஒரே வேகத்தில் ஓட்டத் தூண்டும் இடம் அது, அதோடு இந்த டயர்கள் அதற்கானவையும் இல்லை. நாலு சக்கர பவரைப் போட்டபடி கெட்டியான தரையில் திரும்பினால் சக்கரம் வழுக்க இடமில்லாமல் முறுக்கம் எல்லாம் ஆக்சிலிலும் டிஃபரன்ஷியலிலும் போய் உட்காரும், டிஃப் லாக்கும் (இடது வலது சக்கரங்களைச் சேர்ந்தே சுற்றும்படி பூட்டும் வசதி) போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். அடர்த்தியான சேறும் இப்போதைக்கு வேண்டாம், ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும், ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தும் சூடு இறங்காது. மேடும் பள்ளமும் கலந்த சாதாரண மண் தடம் மாதிரி நல்ல இடம் வேறு இல்லை, தடமே உங்களுக்குப் பதிலாக த்ராட்டிலை மாற்றி மாற்றி வாங்கிக்கொள்ளும். கட்டைவிரல்தான் வலிக்கும். மோட்டார் சைக்கிளில் முறுக்கிப் பழகியவர்களுக்கு இந்த லிவரை அழுத்திக்கொண்டே இருப்பது தொடக்கத்தில் பெரிய தொல்லை, இந்த வண்டியில் அதன் ஸ்பிரிங் தேவைக்கு மேல் கனமாக வேறு இருக்கிறது. ரன்னிங்-இன்னில் எதுவும் இளகாமல் அப்படியே இருப்பது அந்த ஸ்பிரிங் ஒன்றுதான்.

மற்றபடி வண்டி நன்றாகவே இளகிவிட்டது. கியர் லிவர் முதலில் ஹையிலிருந்து லோவுக்குப் போக முரண்டு பிடித்தது, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டித்தான் போட வேண்டியிருந்தது, இப்போது ஒரே தள்ளில் விழுகிறது. கிளம்பும்போது பெல்ட் பிடிக்கிற இடத்தில் இருந்த சின்ன உதறலும் மறைந்துவிட்டது. முழு த்ராட்டில் கொடுத்துப் பார்த்தபோது மேல் ஆர்பிஎம்மில் எஞ்சின் திணறாமல் சுத்தமாக ஏறியது. இந்த எஞ்சினைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. மேனுவலுக்கு பெல்ட் பகுதிக்காக மார்க் குறைப்பேன். விற்ற இடத்துக்கு மறுபடி போவேனா என்றால், சர்வீஸுக்கு ஏற்கனவே வேறு இடம் மாறிவிட்டேன்.

முதல் சர்வீஸுக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். வால்வ் கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி) பார்ப்பது அந்த சர்வீஸின் பட்டியலில் இருக்கிறதா என்று மேனுவலில் பாருங்கள், பல மாடல்களில் இருக்கும். புது வால்வும் அதன் சீட்டும் பழகும்போது இடைவெளி மாறும் என்பதால் வைத்திருக்கிறார்கள். அதை எஞ்சின் முழுக்க ஆறிய நிலையில்தான் அளக்க முடியும். காலையில் ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்து மத்தியானமே திரும்பக் கேட்டால் அளந்ததாக எழுதித்தான் தருவார்கள், அளந்திருக்க மாட்டார்கள். முந்தின நாள் சாயங்காலமே விட்டுவிடுங்கள், மறுநாள் வாங்கும்போது இன்டேக் எவ்வளவு, எக்ஸாஸ்ட் எவ்வளவு என்று அளவைப் பேப்பரில் எழுதி வாங்குங்கள்.